இரண்டாம் பம்பு எது

எலப்புள்ளியில் ஒரு தொழிற்சாலை. அதன் பராமரிப்பு அலுவலகத்தில் கணினிப் பதிவுகள் என் பொறுப்பு. குளிர்நீர் தரும் ஐந்து பம்புகள் அங்கே ஒரே வரிசையில் நிற்கும். உற்பத்திப் பிரிவுக்கு ஒரு மென்பொருள், எங்களுக்கு வேறொன்று. இரண்டையும் இணைத்த முதல் வாரமே உற்பத்தியிலிருந்து தானாகச் செய்தி வந்தது: இரண்டாம் பம்பில் அதிர்வு. எங்கள் பக்கம் வேலை உத்தரவு அச்சானது. எருத்தேன்பதியிலிருந்து வரும் ஒப்பந்த ஃபிட்டர் இரண்டாம் பம்பைக் கழற்றினார். அதில் குறையே இல்லை. உண்மையில் அதிர்ந்தது அதே வரிசையில் வேறொரு பம்பு; அது நின்றுபோய், உற்பத்தி அரை நாள் முடங்கியது.

தவறான பம்பைக் கழற்றியதாக அவருக்கு நோட்டீஸ். திங்கட்கிழமைக்குள் தகுந்த பதில் இல்லையென்றால் ஒப்பந்தம் ரத்து.

"ஏனுங்க அக்கா, காயிதத்துல ரெண்டுன்னுதானுங்க இருந்துச்சு?" என்றார் ஃபிட்டர்.

உற்பத்தி ஷிப்ட் பொறுப்பாளர் சிரித்தார். "ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியாத ஆளை எங்கிருந்து மேடம் புடிச்சீங்க?"

இருவரையும் பம்பு வரிசைக்கு அழைத்துப்போய், இரண்டாம் பம்பைக் காட்டச் சொன்னேன். பொறுப்பாளர் தான் தினமும் நுழையும் கேட் பக்கத்திலிருந்து எண்ணினார். ஃபிட்டர் எதிர்முனையில் இருக்கும் ஒர்க்‌ஷாப் பக்கத்திலிருந்து எண்ணினார். விரல்கள் வெவ்வேறு பம்புகளில் நின்றன. நடுவில் இருந்த மூன்றாவது மட்டுமே இருவருக்கும் ஒன்று. அதுவரை பழுது என்றால் உற்பத்தி ஆள் நேரில் வந்து கைகாட்டிவிட்டுப் போவார். எண் யாருக்கும் தேவைப்படவில்லை. கணினி கைகாட்டாது.

பொறுப்பாளர் சிரிப்பை நிறுத்தினார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேலை. ஒவ்வொரு பம்புக்கும் ஒரே அடையாள எண். இரண்டு மென்பொருளிலும் நான் அதையே பதிந்தேன்; ஃபிட்டர் அதையே தகட்டில் பொறித்துப் பம்பில் பொருத்தினார். பொறுப்பாளர் அவராகவே வந்து ஒவ்வொன்றையும் சரிபார்த்தார்.

திங்கள் காலை, நோட்டீஸுக்கு நான் எழுதிய விளக்கத்தை மேனேஜர் படித்தார். "எழுத்து நல்லாருக்கு. செஞ்சு காட்டுங்க."

எந்தப் பம்பு என்று வாய் திறக்காமல், உற்பத்தித் திரையிலிருந்து அவரே சோதனைச் செய்தி அனுப்பினார். எங்கள் அறையில் உத்தரவு அச்சானது. ஃபிட்டர் அதைப் படித்து, நேராக நடந்து ஒரு பம்பின் மேல் கை வைத்தார். சரி. மேனேஜர் எண்களை முன்பின்னாக மாற்றி மறுபடி மறுபடி அனுப்பினார். ஐந்து முறை, ஐந்தும் சரி.

மேனேஜர் நோட்டீஸின் குறுக்கே 'ரத்து' என்று எழுதிக் கையெழுத்திட்டார். "அடுத்தது பாய்லர் பகுதி. இதே ஆள் செய்யட்டும்."

ஃபிட்டர் வெளியே போய் வீட்டுக்குப் போன் போட்டார். அவர் குரல் அலுவலகம் வரை கேட்டது.

"வேலை போகுல புள்ள. அழுகாம மொதல்ல சோறு உண்ணு."