ஆயிரம் வாலா பெட்டியில் நிச்சயப் புடவை

சிவகாசி அச்சகங்களில் நிறம் விலகியும் எழுத்து கோணியும் கழிபடுகிற பட்டாசுப் பெட்டிகள் பட்டாசுக் கம்பெனிக்குப் போவதில்லை. எங்கள் வீடுகளுக்கு வந்துவிடும். விருதுநகரில் எங்கள் சமையலறையில் துவரம் பருப்பு புஸ்வாணத்திலும் கடுகு சாட்டையிலும் குடியிருந்தன. இரத்த அழுத்த மாத்திரைகளை மனைவி அணுகுண்டில் வைத்திருந்தாள். விருந்தாளிகள் திடுக்கிட்டதில்லை. அவர்கள் வீட்டிலும் அப்படித்தான்.

நான் அந்த அச்சகங்களில் ஒன்றில் மெய்ப்புத் திருத்துகிறவன். அதாவது, பெட்டி மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவன். இது பின்னால் எனக்குப் பெரிய பெருமை தேடித் தந்தது.

மும்பையில் வேலை பார்த்த மைத்துனனுக்கு அங்கேயே குடியேறிவிட்ட நம்மூர்க் குடும்பத்தில் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. நாங்கள் விமானம் ஏறுகிற நாளுக்கு மறுநாள் காலை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அக்காள் கையால் பெண்ணுக்குப் புடவை கொடுத்தாக வேண்டும். அந்த அக்காள்தான் என் மனைவி. மைத்துனன் விமான டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தான். எங்கள் இருவருக்கும் அதுதான் முதல் பறப்பு.

கைப்பையில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பதை நான் ஒரு வாரமாகப் பாராயணம் செய்தேன். மிளகாய்ப் பொடி கூடாது. தேங்காய் கூடாது. கத்தரிக்கோல் கூடாது. புடவையை விரித்து, கடைக்காரன் குத்திய குண்டூசி ஏதும் மிச்சமிருக்கிறதா என்று மடிப்பு மடிப்பாகத் தடவிப் பார்த்தேன்.

"இம்புட்டு வெவரமா கல்யாணத்தன்னிக்கு எங்கிட்ட ஒரு வார்த்த பேசியிருந்தீகன்னா நல்லாருந்திருக்கும்" என்றாள் மனைவி.

பெரிய பெட்டிகள் வேறு ஊருக்குப் போய்விடுவதுண்டு என்று நான் பயமுறுத்தியதால், புடவை கைப்பையில்தான் என்று முடிவாயிற்று. கசங்காமல் இருக்க மனைவி அதை ஓர் அட்டைப் பெட்டியில் வைத்தாள். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. அதைத் தினமும் நான் வேலைக்குக் கொண்டு போகிற ரெக்சின் பைக்குள் வைத்து, ஜிப்பை நானே இழுத்து மூடினேன்.

மதுரை விமான நிலையத்தில் பையைத் திறந்த காவலர் வடக்கத்திக்காரர். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டடி பின்வாங்கி, தமிழ் தெரிந்த பெண் காவலரைக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது?"

"நிச்சயப் புடவைங்க."

"ஆயிரம் வாலான்னு போட்டிருக்கு?"

மனைவி அப்போதுதான் அதைப் படித்தாள். "அது பெட்டிங்க" என்றாள் பொறுமையாக. "புடவை உள்ள இருக்கு."

நான் உதவிக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. "இது கழிவு அட்டை மேடம். இந்தப் படத்துல பாருங்க, அந்தப் பொண்ணோட உதடு தாடையில இருக்கு. மருந்துப் பக்கமே போகாத பெட்டி. எங்க வீட்டுப் பரண் பூரா இதுதான்."

"பரண் பூரா ஆயிரம் வாலாவா?"

"அணுகுண்டும் இருக்கு" என்றேன், உண்மை பேசும் பழக்கத்தால்.

மனைவி என் காலை மிதித்தாள்.

ஒரு துணித்துண்டால் பெட்டியைத் துடைத்து, அந்தத் துண்டை வெடிமருந்தை மோப்பம் பிடிக்கும் இயந்திரத்தில் வைத்தார்கள். அது ஒன்றும் சொல்லவில்லை. புடவையைத் துடைத்தார்கள். அப்போதும் மௌனம். எனக்கு மார்பு விரிந்தது. பிறகு பையைத் துடைத்தார்கள். இயந்திரம் வீறிட்டது.

எனக்கு மட்டும் உடனே புரிந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவன் பையை உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் ஊர் மரியாதை. சாயங்காலம் தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் வேலை முடிந்து வரும் பெண்கள், முழங்கை வரை அலுமினியப் பவுடர் மினுங்க, "பைய இங்கன குடுங்க சார்" என்று பிடுங்கிக்கொள்வார்கள். வேண்டாமென்றால் கோபித்துக்கொள்வார்கள். வருடக் கணக்காக என் பை பட்டாசு மருந்தின் மடியில் வளர்ந்திருந்தது.

இதை நான் விளக்க விளக்க, பெண் காவலரின் முகம் இறுகிக்கொண்டே போனது. பையும் பைக்காரரும் விசாரணைக்கு இருக்க வேண்டும். புடவைக்கும் அம்மாவுக்கும் தடையில்லை, பெட்டியை மட்டும் விட்டுவிட்டுப் போகலாம் என்றார். அந்த நேரம் பார்த்து எங்கள் விமானத்துக்கு அழைப்பு வந்தது.

மனைவி தனியாக விருதுநகர் பஜாருக்குப் போனாலே மூன்று முறை போன் செய்கிறவள். சென்னையில் வேறு விமானம் மாற வேண்டும். அவள் தயங்குவாள், நான் தைரியம் சொல்ல வேண்டும் என்று ஒரு நல்ல வாக்கியத்தை மனதில் திருத்திக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு, என் சட்டைப் பையிலிருந்து இரண்டு பயணச் சீட்டையும் உருவி, அவளுடையதை வைத்துக்கொண்டு என்னுடையதைத் திரும்பச் செருகினாள்.

"நீங்க பதறாம பதில் சொல்லிட்டு வாங்க. அணுகுண்டப் பத்தி மட்டும் பேசாதீக."

போய்விட்டாள். திரும்பிப் பார்த்தாளா என்று கேட்காதீர்கள்.

என்னைக் கண்ணியமாகவே நடத்தினார்கள். காப்பி கூடக் கொடுத்தார்கள். அச்சக முதலாளி போனில் சிரித்து முடித்து எனக்குச் சாட்சி சொல்லி, நான் வெளியே வருவதற்குள் அன்றைய விமானங்கள் எல்லாம் போய்விட்டன.

மறுநாள் மதியம் மனைவி மும்பையிலிருந்து போன் செய்தாள். பின்னணியில் பந்திச் சத்தம்.

"நல்லபடியா முடிஞ்சது. புடவை பொண்ணுக்கு அம்புட்டு எடுப்பா இருந்துச்சு."

"என்னைக் கேட்டாங்களா?"

"கேக்காம இருப்பாகளா? வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளையக் காணோமேன்னு கேட்டாக. லக்கேஜ்ல போட்டிருக்கு, பின்னால வரும்னு சொல்லிட்டேன்."