கிளச் கீறிய தாள்

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். அதன் பிறகு ஊரில் தண்ணீர்ப் பம்பு திருத்தும் கராஜ் ஒன்றில் வேலை பழகினேன். சண்டையில் அந்தக் கராஜ் அழிந்துபோனதும் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் தங்கினேன். இரண்டாம் மாடியில் இரண்டு அறை உள்ள பிளாட். அக்கா, அத்தான், இரண்டு பெண் பிள்ளைகள். அத்தான் கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பனியில் கிளார்க்.

நான் அதிகம் கதைப்பவன் அல்ல. யாராவது குரலை உயர்த்திக் கேள்வி கேட்டால், தெரிந்த பதிலும் தொண்டைக்குள் நின்றுவிடும். ஊரில் அதை வெட்கம் என்றார்கள். கொழும்பில் அந்த வருடங்களில் அதற்கு வேறு அர்த்தம் எடுத்தார்கள்.

அத்தானிடம் ஒரு பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிள் இருந்தது. அதன் கிளச் சரியில்லை. கைப்பிடியை முழுதாக இழுத்துப் பிடித்தாலும் எஞ்சினும் சில்லும் முழுதாகப் பிரியாது. கியரில் நிற்கும்போது வண்டி மெல்ல மெல்ல முன்னால் ஊரும். அமைதியான ஊரில் இது ஒரு சின்னத் தொந்தரவு. கொழும்பின் காலி வீதியில், ஆமி மறித்துச் சோதிக்கும் சென்றிக்கு முன்னால் அப்படியில்லை. நிற்கச் சொன்ன இடத்தில் நிற்காமல் ஊருகிற வண்டியை ஆமிக்காரன் எப்படிப் பார்ப்பான்? ஒரு நாள் ஒருவன் சுடத் துவக்கைத் தூக்கிவிட்டான். அன்று அத்தான் வீட்டுக்கு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே கதிரையில் நெடுநேரம் இருந்தார்.

"தம்பி, நீ மெசின் வேலை தெரிஞ்சவன்தானே. இந்தச் சனியனை ஒருக்காப் பாரன்."

"எனக்குப் பம்புதான் அத்தான் தெரியும்."

"பம்பும் சுத்துது, இதுவும் சுத்துது. பாரடாப்பா."

"சுத்துறதெல்லாம் ஒண்டெண்டா உந்த ஃபானையும் கழட்டச் சொல்லுங்கோவன்," என்றாள் அக்கா குசினிக்குள்ளிருந்து. அன்று எல்லோரும் சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் வைத்து ஒயிலை வடித்து, மூடியைக் கழற்றினேன். கிளச்சில் தட்டுகள் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒன்று வெறும் இரும்பு, அடுத்தது கோர்க் ஒட்டியது. அவற்றை ஸ்பிரிங்குகள் சேர்த்து அழுத்திப் பிடிக்கும். தட்டுகளையும் ஸ்பிரிங்குகளையும் கேபிளையும் மேலே கொண்டுபோய், பல்கனியில் ஒரு நீலப் பேசினில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினேன். இரும்புத் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தேன். மூன்றின் அடியில் வெளிச்சம் தெரிந்தது. சூட்டில் வளைந்துவிட்டன. கோர்க் தேய்ந்து மினுங்கியது. கேபிளில் பாதி இழைகள் அறுந்திருந்தன. தட்டுகள் இருக்கும், வண்டியிலேயே விட்டுவந்த கூடையின் விளிம்புகளில் பள்ளம் விழுந்திருந்தது. அதை அரத்தால் ராவிச் சமன் செய்யலாம். மற்றதெல்லாம் புதிதாக வேண்டும் என்றும், ஸ்பிரிங்கைக் கொஞ்சம் பலமானதாகப் போட்டால் பாரம் ஏற்றினாலும் வழுக்காது என்றும் அத்தானிடம் சொன்னேன்.

"நாளைக்குப் பஞ்சிகாவத்தைக் கடையளில போய்ச் சாமான் கேட்டுப் பார். ஆனா உந்தத் தட்டையும் ஸ்பிரிங்கையும் பையில போட்டுக்கொண்டு பஸ்ஸில ஏறாத. கண்டாங்களெண்டா குண்டுச் சாமானெண்டு விடமாட்டாங்கள். கீறிக்கொண்டு போ."

எனக்கும் அது சரியென்றே பட்டது. மூத்தவளின் கொப்பியில் ஒரு தாள் கிழித்து, அவளுடைய அடிமட்டத்தால் அளந்து கீறினேன். வட்டத்துக்குள் வட்டம். சுற்றிவரப் பற்கள். நடுவில் நாலு ஸ்பிரிங். அங்கிருந்து கைப்பிடி வரை போகிற கேபிள். அம்புக்குறி போட்டு ஒவ்வொன்றுக்கும் அளவு எழுதினேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் தாளில் கீறிய முதல் படம் அது. நன்றாக வந்திருந்தது. பிள்ளைகளுக்குக் காட்டினேன்.

திங்கட்கிழமை காலை சென்றியில் பஸ்ஸை மறித்து ஆண்களை இறக்கினார்கள். அடையாள அட்டையைப் பார்த்தார்கள். பிறகு சட்டைப் பைக்குள் இருந்த தாளை ஒருவன் எடுத்து விரித்தான்.

"மே மொக்கத்த?"

இது என்ன என்று கேட்கிறான். கிளச்சுக்குச் சிங்களத்திலும் கிளச்தான். அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும். அவன் மூன்றாம் முறை கத்தும்வரை அது என் வாயில் வரவில்லை. வந்தபோது எனக்கே அது பொய் போலக் கேட்டது.

பொலிஸ் நிலையத்தில் தமிழ் தெரிந்த ஒரு கொன்ஸ்டபிளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கு பொறுப்பான பெரியவர் விசாரித்தார். அவர் முட்டாள் அல்ல. "சாமான் வாங்கப் போறவன் பழைய சாமானைக் கையில கொண்டு போவான். நீ ஏன் படம் கொண்டு போறாய் எண்டு ஐயா கேக்கிறார்," என்றான் கொன்ஸ்டபிள். இரும்பைக் கொண்டுபோகப் பயம் என்று சொன்னேன். குற்றம் இல்லாதவனுக்கு என்ன பயம் என்று கேட்டார்கள். பிறகு, தட்டுகளும் ஸ்பிரிங்குகளும் வீட்டுப் பல்கனியில் நீலப் பேசினில் கிடக்கின்றன, வந்து படத்தோடு ஒத்துப் பாருங்கள் என்றேன். அன்று நான் முழுதாகச் சொல்லி முடித்த ஒரே வசனம் அதுதான்.

"அது அங்க இருந்தா நீ இண்டைக்கே போகலாம். இல்லையெண்டா கஷ்டம்," என்றான் கொன்ஸ்டபிள், பெரியவர் சொன்னதைக் கேட்டு.

பின்னேரம் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனார்கள். போகும்போது என் மனதில் பயமே இல்லை. நாலு ஸ்பிரிங், பதினொரு தட்டு என்று எண்ணிக்கொண்டு போனேன்.

பல்கனியைச் சவுக்காரம் போட்டுக் கழுவியிருந்தார்கள். நீலப் பேசினும் கழுவப்பட்டுச் சுவரோடு சாத்தியிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. மண்ணெண்ணெய் மணம் மட்டும் இன்னும் போகவில்லை.

கீழே வந்து வண்டியைப் பார்த்தார்கள். கிளச் மூடி பூட்டியிருந்தது. பூட்டியவருக்குப் பழக்கமில்லை. ஒரு ஸ்குறூ சரிவாக ஏறியிருந்தது. மூடிக்குள் வெறும் கூடைதான் இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

பெரியவர் அத்தானிடம் சிங்களத்தில் கேட்டார். அத்தானுக்குச் சிங்களம் நன்றாக வரும். வண்டியில் பிழையொன்றும் இல்லை, தட்டு ஸ்பிரிங் எதையும் தான் காணவில்லை, இவன் பகலில் என்ன செய்கிறான் என்று தனக்குத் தெரியாது என்றார். சொல்லும்போது என் பக்கம் திரும்பவில்லை.

மூடியைக் கழற்றிப் பாருங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். கையால் காட்டியிருந்தாலே போதும். படிக்கட்டில் அக்கா சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்துத் தலையை ஒரு முறை ஆட்டினாள். வேண்டாம் என்று. மூடியைத் திறந்தால் சாமானை ஒளித்தவர் யார் என்ற கேள்வி வரும். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். முதுகில் ஒரு அடி விழுந்தது. பிறகு ஜீப்பில் ஏற்றினார்கள்.

இருபத்திரண்டு நாள் வைத்திருந்தார்கள். அங்கு நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. பிடித்ததற்கும் விட்டதற்கும் காரணம் சொல்லவில்லை. என் வலது கைப் பெருவிரல் இன்றும் முழுதாக மடங்குவதில்லை. அதோடுதான் வேலை செய்கிறேன்.

வந்த அன்று அக்கா சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்து சொன்னாள். அந்த பஸ்ஸில் இருந்த பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து செய்தி சொல்லியிருக்கிறார். அத்தான் மத்தியானமே வேலையால் வந்து, தட்டு, ஸ்பிரிங், கேபிள் எல்லாவற்றையும் சொப்பிங் பையில் கட்டிக்கொண்டுபோய்க் கால்வாயில் போட்டிருக்கிறார்.

"ரெண்டு பிள்ளையளையும் வைச்சுக்கொண்டு நாங்கள் என்ன செய்யிறது? ஸ்பிரிங்கும் வயரும் கிடக்கிற வீடெண்டு எல்லாரையும் ஏத்தியிருப்பாங்கள்."

"அது கிடந்திருந்தா என்னை அண்டைக்கே விட்டிருப்பாங்கள் அக்கா."

"எங்களுக்கு அது எப்பிடித் தெரியும்?"

மத்தியானம் தெரிந்திருக்காதுதான். பின்னேரம், நான் ஜீப்பால் இறங்கி அவர்களுக்கு முன்னால் நின்றபோது தெரியும். அவள் கறிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு அத்தான் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். புதுத் தட்டுகள், பலமான ஸ்பிரிங், புதுக் கேபிள். நான் அன்று சொன்னதெல்லாம் இருந்தது.

"நீ வரட்டும் எண்டுதான் தம்பி வேற ஆளிட்டக் குடுக்கேல்லை. வேற ஆளெண்டா ஒழுங்காச் செய்யமாட்டான்."

நான் வரமாட்டேன் என்று அவர் ஒரு நாளாவது நினைத்திருப்பார். அப்போது இந்தப் பெட்டியை என்ன செய்ய நினைத்தாரோ.

செய்தேன். கூடையின் பள்ளங்களை ராவினேன். கோர்க் தட்டுகளை ஓர் இரவு முழுக்க ஒயிலில் ஊறவைத்தேன். ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கி, ஸ்பிரிங்குகளைக் குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். சரிவாக ஏறியிருந்த ஸ்குறூவை எடுத்து எறிந்துவிட்டுப் புதியது போட்டேன். கேபிளுக்குச் சரியான தளர்வு வைத்தேன். விரல் நொந்தது. வேலையில் குறை வைக்கவில்லை. வைக்க மனம் வந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அத்தான் வண்டியை ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கியரில் போட்டு, கிளச்சைப் பிடித்துக்கொண்டு, என் முன்னாலேயே நின்று காட்டினார். வண்டி ஓர் அங்குலம் அசையவில்லை.

"பார், மலை மாதிரி நிக்குது. இனி எந்தச் சென்றியிலயும் பயமில்லை. உனக்கு நல்ல கையடாப்பா."

"ஓம் அத்தான்," என்றேன்.

அந்த மாதம் முடிய, கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜில் வேலை கிடைத்தது. இங்கே என்ன குறை என்று அத்தான் கேட்டார். ஒன்றும் இல்லை, வேலைக்குக் கிட்ட என்றேன். என் உடுப்புகளை அக்காவே தோய்த்து மடித்துத் தந்தாள்.

கொட்டாஞ்சேனையில் அறை தந்த அம்மா கண்டிப்பானவர். குடியிருப்பவர்களின் பெயரைப் பொலிஸில் பதிய வேண்டும் என்று படிவத்தோடு வந்து உட்கார்ந்தார். பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம், வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்.

"கொழும்பில சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ தம்பி? நாளைக்கு உனக்கு ஏதும் எண்டா நான் ஆருக்குச் சொல்லுறது?"

அவர் மெதுவாகத்தான் கேட்டார். இந்த முறை பதில் தொண்டையில் நிற்கவில்லை.

"ஒருத்தரும் இல்லை அம்மா."

அவர் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கோடு கீறினார்.