ஓடைமேட்டூர் வேணியும் பதினொரு முட்டைகளும்

ஓடைமேட்டூர் வேணியைத் தைரியசாலி என்று 2023 ஜூலை வரை யாரும் சொன்னதில்லை. மேலே பல்லி விழுந்தால் தெருக்கோடி வரை கேட்கும்படி கத்துவார். ஊசி போட்டுக்கொள்ளும்போது மகள் லாவண்யா பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வயது நாற்பத்து நான்கு. நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர். காலையில் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டு வருகை எழுதுவார். வராத ஆளை வந்ததாக ஒருநாளும் எழுதியதில்லை.

ஊர், குன்னத்திலிருந்து அரியலூர் போகும் சாலையை விட்டு மூன்றரை கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. 13.6.2023 செவ்வாய்க்கிழமை ஏரி தூர்வாரும்போது பிச்சைமுத்துவின் மண்வெட்டி உருண்டையான எதன்மேலோ பட்டது. தோண்டத் தோண்டப் பதினொன்று வந்தன. பெரியது தேங்காயைவிடப் பெரிது, சிறியது மாங்காய் அளவு. எங்கள் பக்கத்து மண் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது. சுண்ணாம்புக்கல் வெட்டும் இடங்களில் சங்கும் சிப்பியும் கல்லாகவே கிடைக்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உருண்டையாக ஒன்று கிடைத்தால் மட்டும் எங்கள் ஆட்களுக்கு உடனே டைனோசர் ஞாபகம் வந்துவிடும்.

"வேணிக்கா, ஓடியாங்க! டைனோசர் முட்டை!" என்று பிச்சைமுத்து கூவினார்.

வேணி படம் எடுத்து, "எங்கள் ஏரியில் டைனோசர் முட்டை" என்று எழுதி ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அவர் செய்த பிழை அந்த ஒரு வரிதான்.

மாலைக்குள் முட்டைகளுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தாகிவிட்டது. பெரம்பலூரிலிருந்தும் ஜெயங்கொண்டத்திலிருந்தும் வேன் வைத்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். அதன் பலனாக, ஜூலை 3 முதல் காலை 8.10-க்கும் மாலை 5.20-க்கும் ஊருக்குள் பஸ் வந்தது. பதினேழு வருட மனுக்களால் வராத பஸ் அது. அரியலூரில் கல்லூரி படிக்கும் லாவண்யா மெயின் ரோடு வரை நடப்பது அன்றோடு நின்றது.

ஜூலை 28 வெள்ளிக்கிழமை, மாவட்ட அதிகாரி ஒருவர் வந்து ஏரிக்கரையில் பெயர்ப்பலகை திறப்பதாக ஏற்பாடு. அதற்கு இரண்டு நாள் முன்பு, வேணி ஒரு முட்டையைக் கழுவ வீட்டுக்கு எடுத்து வந்தார். கை வழுக்கித் துணி துவைக்கும் கல்லில் விழுந்து, அது இரண்டாகப் பிளந்தது. உள்ளே நத்தை ஓடு போலச் சுருண்ட ஒன்று, வரி வரியாக இருந்தது. மறுநாள் லாவண்யா அதைக் கல்லூரியில் நிலவியல் ஆசிரியரிடம் காட்டினாள். கடல் உயிர் ஒன்றின் ஓட்டைச் சுற்றிச் சேறு இறுகிக் கல்லானது, முட்டை இல்லை என்று அவர் சொல்லிவிட்டார்.

"அம்மா, வாயத் தொறக்காத. முட்டை இல்லைன்னா பஸ்ஸும் இல்ல," என்றாள் லாவண்யா.

"நாந்தானேடி எழுதிப் போட்டேன்."

"யாரு கேக்கப்போறா? பேசாம இரும்மா."

வேணியும் பேசாமல் இருந்துவிடுவதாகத்தான் விழாவுக்கு வந்தார். முன்வரிசையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஊராட்சித் தலைவர் தர்மராஜ், "முட்டையைக் கண்டுபிடிச்ச வேணியம்மா இப்ப ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்றார். பிள்ளைகள் அதையும் எழுதிக்கொண்டார்கள். எழுதும் கைகளையே வேணி பார்த்துக்கொண்டிருந்தார். மைக்கை வாங்கியதும் கர்ரென்று சத்தம் வந்தது.

"அதுங்க... முட்டை இல்லீங்க. கல்லுங்க. நாந்தான் தெரியாம எழுதிட்டேன். பிள்ளைங்களா, எழுதுனத அடிச்சிருங்க."

எதற்கும் இருக்கட்டும் என்று பையில் போட்டு வந்திருந்த இரண்டு பாதிகளையும் எடுத்து மேசைமேல் வைத்தார். நேரம் 11.20.

"அப்ப ஒன்றரை மாசமா நான் கும்புட்டது?" என்று பிச்சைமுத்து எழுந்து நின்றார்.

"கோயில்ல மட்டும் என்னடா வச்சிருக்கு? அதுவும் கல்லுதான். ஒக்காரு," என்றார் வீராயி. நூறு நாள் வேலையில் அவர்தான் மூத்தவர். அதிகாரி கூடச் சிரித்துவிட்டார். பலகை மட்டும் திறக்கப்படவில்லை.

ஆகஸ்ட் 7 முதல் பஸ் நின்றது. ஊர் சும்மா இருக்குமா? "அரிச்சந்திரன் தங்கச்சி வருது, வழிவிடுங்க" என்றார்கள். லாவண்யா நான்கு நாள் அம்மாவோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், "கால் வலிக்குதும்மா" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை ஏழரைக்கு வேணி ஒரு புது நோட்டுடன் ஊர் முனையில் போய் நின்றார். மெயின் ரோட்டுக்கு நடப்பவர்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டார்.

"பஸ்ஸே இல்ல, அட்டனன்ஸ் எதுக்குக்கா?" என்றார் பிச்சைமுத்து.

"எங்க போற?"

"ஆஸ்பத்திரிக்கு. முட்டிவலி."

"அதச் சொல்லு, எழுதணும்."

இப்படிப் பன்னிரண்டு வேலை நாள். கேலி செய்தவர்களும் பழக்கதோஷத்தில் "உள்ளேன்" சொல்லிவிட்டுத்தான் போனார்கள். கல்லூரிப் பிள்ளைகள், சிமெண்ட் ஆலை வேலைக்குப் போகிறவர்கள், பால்காரர், நோயாளிகள் என்று ஒரு நாளைக்குச் சராசரி நாற்பத்து மூன்று பேர்.

ஆகஸ்ட் 30 அன்று அந்த நோட்டுடன் பஸ் டெப்போ மேலாளரைப் பார்க்கப் போனார். அறை வாசலில் முக்கால் மணி நேரம் நின்றதாகவும், இரண்டு முறை படியிறங்கித் திரும்ப ஏறியதாகவும் அவரே என்னிடம் சொன்னார். பயம் கடைசி வரை போகவில்லையாம். பயந்துகொண்டேதான் உள்ளே போயிருக்கிறார்.

"முட்டை பாக்க வர்றவங்களுக்காக விட்ட பஸ்தானேம்மா அது?" என்று மேலாளர் கேட்டார்.

"முட்டை இல்லீங்க சார். ஆளு இருக்குங்க. பேரு, வயசு, எங்க போறாங்க, எல்லாம் எழுதியிருக்கு."

அவர் நோட்டை நான்கு பக்கம் புரட்டினார். ஓர் இடத்தில் நிறுத்தி, "இதென்ன, ஒரு நாள் வெறும் பத்தொன்பது பேர்தான்?"

"அன்னிக்கு மழைங்க."

"கூட எழுதியிருக்கலாமே, யாருக்குத் தெரியப்போகுது?"

"வரலீங்களே சார்."

மேலாளர் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார். காலை பஸ் மட்டும் விடலாம், மாலை பஸ்ஸைப் பிறகு பார்க்கலாம் என்றார்.

செப்டம்பர் 4 திங்கட்கிழமை 8.13-க்கு பஸ் ஊருக்குள் வந்தது. நாற்பத்தாறு பேர் ஏறினார்கள். படியில் நின்று பிச்சைமுத்து, "மேனேஜர்கிட்ட சாயங்கால பஸ்ஸையும் சேத்துக் கேட்டிருக்கக் கூடாதாக்கா?" என்றார்.

"கேட்டேன்டா. அதுக்குச் சாயங்காலக் கணக்கு வேணுமாம். திரும்பி வரப்ப முனையில நிப்பேன், பேரு குடுத்துட்டுப் போ" என்று வேணி சொன்னார்.