கண்ணாடியில் மோதிய பறவைகள்

பள்ளிக்கூடத்தில் அவருக்குக் 'குருவி டீச்சர்' என்று பெயர். ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவர். பறவைப் பாடம் வந்தால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பிள்ளைகளைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போய்விடுவார். அலகு எப்படி, வால் எப்படி, நடக்கிறதா தத்துகிறதா என்று பார்த்ததை அங்கேயே உட்கார்ந்து வரையச் சொல்வார்.

அந்த வருடம் பள்ளிக்குப் புதுக் கட்டடம் வந்தது. மாடி நடைபாதை முழுக்கக் கண்ணாடி. எதிரே உள்ள மரங்கள் அதில் அச்சு அசலாகத் தெரியும். முதல் வாரமே ஒரு மீன்கொத்தி மோதிச் செத்து விழுந்தது. பிறகு ஒரு புறா, இரண்டு மைனா. பிள்ளைகள் வருமுன் கூட்டித் தள்ளிவிடும்படி தலைமை ஆசிரியர் துப்புரவு அம்மாவிடம் சொல்லிவைத்தார்.

விஷயம் தெரிந்ததும் டீச்சர் அவர் அறைக்குப் போனார்.

"கூட்ட வேண்டாம் சார். பிள்ளைங்க பாக்கட்டும்."

"சின்னப் பசங்க டீச்சர். மனசு கஷ்டப்படும்."

டீச்சர் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என் வீட்டுக்காரர் தவறினப்போ பொண்ணுக்கு அஞ்சு வயசு சார். அப்பா வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்கார்னு சொல்லிட்டேன். நாலு மாசம் வாசலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தா. கடைசியில பக்கத்து வீட்ல யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரிஞ்சுது. இப்ப அவளுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு. இன்னமும் நான் ஒண்ணு சொன்னா, வேற யாரையாவது கேட்டுட்டுத்தான் நம்புவா."

தலைமை ஆசிரியர் பேனாவை மூடி வைத்தார். "சரி. பிள்ளைங்க கையால தொடக் கூடாது. அது மட்டும்."

மறுநாள் பிள்ளைகள் ஒரு நோட்டுப் போட்டார்கள். என்ன பறவை, எந்தக் கண்ணாடி, மணி எத்தனை. டீச்சர் கையுறை மாட்டி, இறக்கையை ஸ்கேல்மேல் விரித்துப் பிடிப்பார். பிள்ளைகள் தள்ளி நின்று அளவைப் படித்து எழுதுவார்கள். ஒருத்தி விசும்பி அழுதாள். டீச்சர் அழாதே என்று சொல்லவில்லை. அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அளந்து முடித்த பறவையைத் தோட்டத்து மூலையில் புதைத்தார்கள்.

இரண்டு மாதத்தில் பதினேழு. அதில் பன்னிரண்டு, மரத்துக்கு நேரே இருந்த மூன்று கண்ணாடிகளில்.

"அங்கயும் மரம் இருக்குன்னு நினைச்சுக்குதுங்க டீச்சர்" என்றான், வாயாடி என்று பேரெடுத்தவன். "அது கண்ணாடின்னு தெரியற மாதிரி ஏதாவது ஒட்டணும்."

வெள்ளை நாடாவை இரண்டு விரல்கடை இடைவெளியில் கோடு கோடாக ஒட்டுவதென்று முடிவாயிற்று. பிள்ளைகள் அளந்து வெட்டிக் கொடுக்க, காவல்காரர் ஏணி போட்டு வெளிப்பக்கம் ஒட்டினார். அடுத்த இரண்டு மாதத்தில் அந்த மூன்று கண்ணாடிகளில் விழுந்தது ஒன்றே ஒன்று, ஒரு தேன்சிட்டு.

அன்றைக்கு அழுதவள்தான் அதைக் கண்டாள். "இதையும் எழுதணுமா டீச்சர்? விட்டுட்டா ஒண்ணுகூட சாகலைன்னு சொல்லலாமே."

"எழுதும்மா. அது செத்தது நிஜம்தானே."

அவள் எழுதினாள். மீதிக் கண்ணாடிகளுக்கும் நாடா ஒட்ட, நோட்டைப் பார்த்துவிட்டுத் தலைமை ஆசிரியர் அந்த வாரமே கையெழுத்துப் போட்டார்.