முழங்கையைத் தாங்கிய கை

ஐம்பதுகளின் நடுப்பகுதி. இலங்கையில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். என் மூத்த மகளுக்கு அப்போது ஏழு வயது. மூச்சுத் திணறிப் பிறந்தவள். கை ஓரிடத்தில் நிற்காது, பேச்சும் வராது. நான் ஊட்டினால் மட்டும்தான் சாப்பிடுவாள். அவள் அப்பா ஊட்டினால்கூடப் பல்லை இறுகக் கடித்துக்கொள்வாள். பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயாவும் முயன்று பார்த்துக் கைவிட்டுவிட்டார். மத்தியானம் மலையிலிருந்து ஓடிவந்து நானே ஊட்டிவிட்டுப் போவேன்.

அந்த நேரத்தில்தான் மறுபடி உண்டானேன். எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கோ தூக்கம் போனது. பிரசவத்துக்கு நான் போய்ப் படுத்துவிட்டால் இவள் பட்டினி கிடப்பாளே! அந்த உடம்பு தாங்குமா?

அவளே சாப்பிடப் பழகவேண்டும் என்று எதிரே உட்கார்ந்து ரொட்டித் துண்டைக் கையில் கொடுத்தேன். அது காதுக்குப் போகும், கன்னத்துக்குப் போகும். ஒருநாள் பெரிய துண்டொன்று தொண்டையில் சிக்கி முகமே நீலம் பாரித்துவிட்டது. குப்புறச் சாய்த்து முதுகில் தட்டியதில் வெளியே வந்தது. என் உயிரும் போய்த்தான் வந்தது.

"ஏன்டி அந்தப் புள்ளயப் போட்டு வதைக்கிற? நாங்க ஊட்ட மாட்டமா?" என்றார் பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா. ஊட்டுவார்கள்தான். இவள் வாயைத் திறக்கவேண்டுமே.

அந்த வாரம் என் நிரையில் ஒரு பெண் புதிதாகக் கொழுந்து பறிக்கப் பழக வந்தாள். வழக்கம்போல அவள் பின்னால் நின்று, அவள் கைமேல் என் கையை வைத்துக் கிள்ளக் காட்டினேன். எதிரே நின்று காட்டினால் இடது வலது மாறிப்போகும். இது மலையில் எல்லாருக்கும் தெரியும். வீட்டில் மட்டும் எனக்கு ஏன் தோன்றவில்லை?

அன்று சாயங்காலமே மகளை முன்னால் இருத்தி, பின்னால் உட்கார்ந்தேன். தேத்தண்ணியில் நனைத்த சின்னச் சின்னத் துண்டுகள். முதலில் விரலைப் பிடித்தேன், பிறகு மணிக்கட்டை, பிறகு முழங்கையை மட்டும். வயிற்றுப்பிள்ளை உதைத்தால் அவள் முதுகில் படும், சிரிப்பாள். வாயில் ரொட்டியோடு சிரிக்கிறாளே என்று எனக்குப் பதறும்.

முழங்கையை விடுவதற்குள் வலி வந்துவிட்டது. லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பையன் பிறந்தான். அவன் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

மறுநாள் கணவர் வந்தார். "ஒன்னுமே வாயில வைக்கல புள்ள. பச்சத்தண்ணிகூட எறங்கல."

"ஊட்டாதீங்க. பின்னால உக்காந்து முழங்கைய மட்டும் தாங்குங்க. சின்னத் துண்டாக் குடுங்க. பக்கத்த விட்டுப் போயிராதீங்க," என்றேன்.

அதன் பிறகு அவர் வரவே இல்லை. தொண்டையில் சிக்கிவிட்டதா? சொல்லப் பயந்து வராமல் இருக்கிறாரா? யாரைக் கேட்பது? தட்டில் வைத்த சோறு எனக்கும் இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். எங்கள் காம்பரா வாசலில் மகள் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். சட்டை முன்பக்கமெல்லாம் தேத்தண்ணிக் கறை. ஓவென்று அழுதுகொண்டே தட்டிலிருந்த ரொட்டியைப் பிய்த்து வாயருகே நீட்டினேன். பல்லை இறுகக் கடித்துக்கொண்டாள்.

என்னிடமுமா!

அவள் என் கையைத் தள்ளிவிட்டுத் தட்டைத் துழாவினாள். யாரும் தாங்காத முழங்கை ஆடி ஆடி எழுந்தது. கன்னத்தில் இடித்த துண்டு அடுத்து வாய்க்குள் போனது.

"சோத்து நேரத்துல இவள விட்டுட்டு எப்புடி வர்றது?" என்றார் கணவர். "நேத்துத்தான் முழங்கையத் தாங்குன என் கையையும் தட்டிவிட்டா."

இப்போதும் அவள் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் என் கை தானாக எழுகிறது. அதை மடியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளத்தான் நான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.