வால்வில் தொங்காத சட்டை

அறுபதுகளில் பம்பாய் சயானில் ஓர் அச்சகத்தின் குளிர்சாதனத்தைப் பராமரித்து வந்தோம், நானும் தாராவிக்காரர் செல்லையா அண்ணாச்சியும். குளிர்காலத்தில் காகிதம் வறண்டு சுருண்டுவிடும் என்பதால், காற்றோடு நீராவியும் விடுவோம். தூசியை வடிகட்டும் பில்டர்களைக் கழுவ, ஆவியும் காற்றும் கலக்கும் காற்றறைக்குள் நுழைகிறவன் தன் சட்டையைக் கழற்றி நீராவி வால்வில் மாட்ட வேண்டும். சட்டை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

அன்று நான் போட்டிருந்தது பொங்கலுக்கு எடுத்த டெரிலின் சட்டை. வால்விலோ ஒரே கிரீஸ். மனம் வராமல் சட்டையை அலமாரியில் வைத்துவிட்டு, செருப்பை வாசலில் விட்டு உள்ளே போனேன்.

நாலாவது பில்டரைக் கழற்றும்போது தலைக்கு மேலே நீராவிக் குழாய் சீறியது. வால்வில் சட்டை இல்லாததைப் பார்த்து அண்ணாச்சி திறந்துவிட்டார். கொதிநீர் கழுத்தில் தெறித்தது. ஆவி வெள்ளையாக இறங்கியதில் கதவு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. தகரச் சுவரை ஓங்கி ஓங்கி அடித்தேன்.

சீறல் நின்றது. கதவைத் திறந்த அண்ணாச்சி அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏலே, வாசல்ல ஒஞ் செருப்பு கண்ணுல படலன்னா... ஒம் பொண்டாட்டி மொகத்துல நான் எப்படில முழிப்பேன்?"

கழுத்துக் கொப்புளம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. அதன் பிறகு, நான் பக்கத்திலேயே நின்றாலும், என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் வந்த பிறகுதான் அண்ணாச்சி வால்வைத் தொடுவார். அந்தப் பயத்தை அவருக்குக் கொடுத்தவன் நான்.