ஏழாம் அத்தியாயத்துப் பெண்

நோபல் பார்க்கில் இருந்துகொண்டு, இந்த அவுஸ்திரேலியாவின் ஆரம்பகால வெள்ளைக்காரக் குடியேறிகளைப் பற்றித் தமிழில் சரித்திர நாவல் எழுதுகிறவன் நான். எங்கட ஆக்களைப் பற்றி எழுதினால் ஆகாதா என்று கேட்காத ஆளில்லை. கப்பலில் வந்து இறங்கி, புருசனோடு காட்டை வெட்டி, கூடாரத்தில் பிள்ளை பெற்ற ஒருத்தியின் கதை எனக்குப் பிடித்துவிட்டது, அவ்வளவுதான். கிப்ஸ்லாந்தில் ஒரு பழைய மயானத்தில் அவளுடைய கல்லைக் கண்டேன். தாயும் பெயர் வைக்காத குழந்தையும் ஒரே கல்லில். ஏழாம் அத்தியாயம் எப்படி முடியும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அதை எழுதத் தொடங்கியபோது என் மகள் பிள்ளைத்தாய்ச்சியாக எங்கள் வீட்டில் இருந்தாள். பிரஷர் கூடிக்கொண்டிருந்ததால் டொக்டர் படுத்தே இருக்கச் சொல்லியிருந்தார். எழுதியதை உரக்க வாசித்துப் பார்ப்பது என் பழக்கம். குசினியிலிருந்து மனைவி அகப்பையோடு வந்து நின்றாள்.

“பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில இதென்ன வாசிப்பு? அந்த மனிசியை இப்ப சாகடிக்காதேங்கோ.”

“அவள் செத்து நூறு வருசத்துக்கு மேல.”

“அப்ப இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கட்டும்.”

சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. சகுனம் பார்க்கிறவர்களை வாழ்நாள் முழுக்க நக்கலடித்தவன் நான். நடந்ததை மாற்றி எழுதும் நாவலாசிரியர்களை மேடையில் வைத்தே கிழித்திருக்கிறேன். ஆனாலும் அடுத்த வரிக்குக் கை வரவில்லை. அவளைக் கூடாரத்துக்குள் பிள்ளைப்பெறு நோவோடு அப்படியே விட்டுவிட்டேன். வாரக்கணக்காக அவள் முனகிக்கொண்டு கிடந்தாள். நான் அவள் புருசன் நட்ட உருளைக்கிழங்கைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு காலை மகளுக்குத் தலையிடி வந்து கண் மங்கியது. அம்புலன்ஸில் கொண்டு போனோம். நாள் வர இன்னும் எவ்வளவோ இருக்க, பிள்ளையை உடனே வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள். மருமகன் உள்ளே போனான். மனைவி கதிரையில் இருந்து கண்ணை மூடிக் கும்பிட்டாள். எனக்குக் கும்பிடவும் வராது. காட்டையும் கப்பலையும் பற்றித் தேடித் தேடிப் படித்த அத்தனையும் அந்த இடத்தில் ஒரு சதத்துக்கும் உதவவில்லை. போனை எடுத்து ஏழாம் அத்தியாயத்தைத் திறந்தேன். ‘விடியும்போது அவள் கண் திறந்தாள். தண்ணீர் கேட்டாள்’ என்று எழுதினேன். சுத்தப் பொய். அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன்.

மகள் பிழைத்தாள். குழந்தை குழாய்களோடு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறது. இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார்கள்.

நேற்று மகளை வீல்செயாரில் வைத்து அங்கே தள்ளிக்கொண்டு போனேன். படுத்திருந்த நாட்களில் நான் வாசித்ததெல்லாம் அவளுக்கும் கேட்டிருக்கிறது. பெட்டியைப் பார்த்தபடியே கேட்டாள்.

“அப்பா, உங்கட புக்கில அந்த லேடி... டிட் ஷி மேக் இட்?”

“ஓம், பிழைச்சிட்டாள்.”

“அண்ட் த பேபி?”

கல்லில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். பெட்டிக்குள் என் உள்ளங்கையை விடச் சின்னதான நெஞ்சு ஏறியது, இறங்கியது.

“இன்னும் எழுதேல்லை, பிள்ளை” என்றேன்.